வாலாட்டி வாங்கிய லைக்குகள்

சாப்பாட்டு மேசையில் மனைவி போனைப் பார்த்து மறுபடியும் சிரித்தாள். டாக்டரின் கவளம் வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"என்ன?"

"வாலாட்டி எழுதியிருக்கார். யாரோ வீட்டுப் பூனை மாத்திரையைத் துப்புதாம். 'கோபப்படாதீங்க. கொடுத்ததை எல்லாம் பேசாம முழுங்குறதுக்கு அது என்ன உங்க வீட்டுக்காரரா?'ன்னு கேட்டிருக்கார்!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்துச் சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து தன் பேச்சுக்கு அவள் இப்படிச் சிரித்ததாக டாக்டருக்கு ஞாபகம் இல்லை. பேசாமல் முழுங்கினார்.

அவர் கால்நடை மருத்துவர். செல்லப் பிராணி வளர்ப்பவர்களின் இணையக் குழுவில், இதே பூனைக்காக, 'பூனைகளின் உணவுக்குழாய்: ஓர் அறிமுகம்' என்று உட்கார்ந்து யோசித்து எழுதியிருந்தார். மூன்று லைக் விழுந்திருந்தது. ஒன்று மனைவி, ஒன்று மச்சான், ஒன்று அவரே போட்டது.

"பேர் கிடையாது, முகம் கிடையாது. படம்னு பார்த்தா வெறும் வால். அதுக்கு இவ்வளவு லைக்கா?"

"நல்லா எழுதுறார், விழுது."

"அப்ப நான்?"

"நீங்களும் நல்லாத்தாங்க எழுதுறீங்க. நிறைய எழுதுறீங்க."

அன்றைக்கே டாக்டர் 'உண்மை நேசன்' என்று ஒரு பொய்க் கணக்குத் தொடங்கினார். தன் கட்டுரைக்குக் கீழே தானே எழுதினார்: 'அற்புதம்! இந்த டாக்டர்தான் எனக்கு வைத்தியம் பார்த்தார். இப்போது நன்றாக நடக்கிறேன்.'

உடனே ஒருவர் கேட்டார்: 'உங்களுக்கு எத்தனை கால் சார்?'

கேள்விக்கு விழுந்த லைக்குகளைப் பார்த்து டாக்டருக்குக் காது சூடாகிவிட்டது. பேச்சைத் திருப்ப வேண்டும். 'வாலாட்டி முகம் காட்டப் பயப்படும் கோழை' என்று உண்மை நேசன் அறிவித்தார்.

'உங்க முகம் எங்கே சார்?' என்றது குழு.

ஆத்திரத்தில் விரல் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று பார்க்கவில்லை. 'இந்த டாக்டரைப் போல ஒரு மேதை பிறந்ததும் இல்லை, பிறக்கப்போவதும் இல்லை' என்று அடித்து அனுப்பினார். அது அவருடைய சொந்தப் பெயரில், சொந்தப் படத்தோடு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு போய் உட்கார்ந்தது.

அழிப்பதற்குள் ஆளாளுக்குப் படம் பிடித்துவிட்டார்கள். 'என் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள்' என்று எழுதிப் பார்த்தார்.

'நல்ல திருடன்பா! புகுந்த வீட்டைப் புகழ்ந்துட்டுப் போயிருக்கான்' என்றார் ஒருவர்.

கிண்டல் உச்சத்துக்குப் போன நேரத்தில் வாலாட்டியே வந்தார். 'டாக்டரை விடுங்க. நல்ல மனுஷர், கைராசிக்காரர். என்னைவிட அவருக்கு விஷயம் தெரியும்.'

அதுவரை விழுந்த லைக் எல்லாவற்றையும் அது தூக்கிச் சாப்பிட்டது.

"பார்த்தீங்களா, என்ன பெருந்தன்மை!" என்று மனைவி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். போட்டிக்காரனே இவருக்குக் குடை பிடித்து, அதையும் இவர் மனைவியே மெச்சினால் எப்படியிருக்கும்? குழுவை நடத்துபவருக்கு எழுதிவிட்டார்: 'வாலாட்டி யாரென்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் எங்களில் ஒருவர்தான் இங்கே இருக்கலாம்.'

நடத்துபவர் நியாயஸ்தர். ஓட்டுக்கு விட்டார். சாயங்காலத்துக்குள் டாக்டர் வெளியே இருந்தார்.

"நீயாவது எனக்கு ஓட்டுப் போட்டியா?"

"போட்டேங்க" என்றாள் மனைவி, பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே. "யாருக்குன்னு கேட்காதீங்க. அது ரகசிய ஓட்டு."

மறுநாள் காலை கிளினிக்கில், மேசை மேல் கன்றுக்குட்டி அளவில் ஒரு கறுப்பு நாய் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள் பிடி அக்கா. எப்பேர்ப்பட்ட முரட்டு மிருகத்தையும் பிடித்துக்கொள்வதுதான் அவள் வேலை. டாக்டர் கிளினிக் திறந்த நாளிலிருந்து அவள் பிடியில் ஒன்றும் தப்பியதில்லை.

நாய்க்காரர் ஓரமாக நின்றார். டாக்டர் ஊசியைத் தூக்கினார். நாய் குரைத்தது.

"என்னைப் பார்த்து ஏன்டா ராசா குரைக்கிறே?" என்றார் அலுப்போடு. "கூட்டிட்டு வந்தது அவர், குத்தச் சொன்னது அவர். நியாயஸ்தனா இருந்தா அவரைப் பார்த்துக் குரை."

நாய்க்காரர் லேசாகச் சிரித்தார். "நல்லாயிருக்கு டாக்டர். ஆனா இதை வாலாட்டி போன வாரமே எழுதிட்டாரு. சொந்தமா ஏதாவது சொல்லுங்க."

டாக்டர் ஊசியைத் தட்டில் போட்டார். "யோவ்! இந்த மேசையில ஏறின ஒவ்வொரு நாய்கிட்டயும் நான் இதைத்தான்யா சொல்லிட்டிருக்கேன்! இப்பதான்யா உறைக்குது, பூனைக்காரங்ககிட்ட அந்த மாத்திரைக் கதையையும் நான்தான்யா சொன்னேன்! அவன் யாரு என் பேச்சை எடுத்துப் போட?"

நாயே வாயை மூடிக்கொண்டது. பிடி அக்கா மட்டும் பிடியை விடாமல், தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"உங்க பேர்ல போட்டா யாரும் படிக்க மாட்டாங்கன்னுதான் சார், வாலாட்டின்னு போட்டேன்."