பூட்டுக்குள் போன ஐஸ்கிரீம்

இனி இந்த வீட்டில் தனக்கு நியாயம் கிடைக்காது, அதைத் தானே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று சாவிக்காரர் தீர்மானித்தது, உறைந்த தயிர்த் துண்டு ஒன்றைக் கடித்துக் கடைவாய்ப் பல் கூசிய ஒரு மத்தியான வேளையில்.

கடைத்தெரு முனையில் பூட்டுப் பழுது பார்ப்பவர் அவர். சாவியைத் தொலைத்தவர்களுக்கும், சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தியவர்களுக்கும் அவரே கதி. ஊருக்கெல்லாம் கதவு திறந்துவிடும் அந்த மனிதருக்குச் சொந்தச் சமையலறையில் ஒரு டப்பா மூடியைத் திறக்கும் உரிமை இல்லாமல் போயிற்று. காரணம், ரத்தப் பரிசோதனை. சர்க்கரையின் அளவைப் பார்த்த டாக்டர், சாவிக்காரரை விட்டுவிட்டு அவர் மனைவியின் பக்கம் திரும்பிப் பேசினார். அந்த வீட்டில் அதிகாரம் யார் கையில் என்பதும் ரத்தத்தில் தெரியும் போலும்.

மனைவி தையல்காரி. அளவெடுத்து வெட்டுவது தொழில். கணவருடைய சாப்பாட்டையும் அப்படியே வெட்டினாள். மாவுச்சத்து குறைய வேண்டும். ஆனால் சாப்பிட்டு எழுந்ததும் இனிப்புக்கு வாய் அலைகிற மனிதரை வெறும் வாயோடு கடைக்கு அனுப்பவும் மனம் வரவில்லை. ஆகவே கெட்டித் தயிரைத் துணியில் முடிந்து தண்ணீர் வடியத் தொங்கவிட்டாள். வடிந்ததோடு பாலேடு சேர்த்து அடித்தாள். ஸ்ட்ராபெரியை மசித்துக் கலந்து, வெனிலா எசன்ஸ் இரண்டு சொட்டு விட்டு, தட்டில் பரப்பி ஃப்ரீசரில் வைத்தாள். சர்க்கரை டப்பா பக்கத்து வீட்டுக்குக் குடி போயிற்று.

"என்னது இது?" என்றார் சாவிக்காரர்.

"ஐஸ்கிரீம் மாதிரி."

"மாதிரின்னா?"

"நீங்க கோபப்படாத ஆள் மாதிரி உட்கார்ந்திருக்கீங்கல்ல, அந்த மாதிரி."

அவர் ஒரு துண்டை நறுக்கென்று கடித்து, மென்று, மருந்தை விழுங்குவதுபோல் விழுங்கினார்.

"தயிரும் புளிக்குது, பழமும் புளிக்குது. ரெண்டு புளிப்பைச் சேர்த்தா இனிப்பாயிடுமா?"

"மெதுவா சாப்பிடுங்க. அப்பதான் ருசி தெரியும்."

"தெரியக்கூடாதுன்னுதான் வேகமா சாப்பிடறேன்."

தீர்மானம் பிறந்தது இந்த இடத்தில்தான். அதற்கு அவர் முதலில் சட்டப்படி வழி தேடினார்.

"இங்க பாரு, இதெல்லாம் வேலைக்கு ஆகாது. அடுத்த டெஸ்ட்டுல சர்க்கரை குறையலைன்னா என்ன செய்வ?"

"குறையலைன்னா நீங்க சாப்பிட்டுக்கிட்டிருந்த இனிப்பெல்லாம் பழையபடி வீட்டுக்கு வரும். என் கையால வாங்கிட்டு வர்றேன், போதுமா?"

"குறைஞ்சா?"

"ஆயுசுக்கும் தயிர்."

பந்தயம் முடிவாயிற்று. தோற்றால் என்ன ஆகும் என்று அவருடைய கடைவாய்ப் பல்லுக்கு நன்றாகவே தெரியும்.

மறுநாள் சாப்பிட வந்தவர் கைகழுவிக்கொண்டிருந்தபோது, மனைவி தன் தம்பியோடு போனில் பேசுவது காதில் விழுந்தது.

"உனக்குன்னுதான்டா வாங்கி வச்சிருக்கேன். நல்ல ஐஸ்கிரீம். மாமா கண்ணுல பட்டா உனக்கு டப்பாதான் மிஞ்சும். பெட்டியில போட்டுப் பூட்டிட்டேன்."

சாவிக்காரர் ஃப்ரீசரைத் திறந்தார். தட்டுக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி. பெட்டியில் ஒரு பூட்டு. அதைப் பூட்டு என்று சொல்ல அவருக்கு நா கூசியது. சிறுபிள்ளைகள் உண்டியலுக்குப் போடுகிற சாமான். ஐஸ்கிரீமை மறைத்ததை மன்னித்துவிடலாம். பூட்டுக்காரன் வீட்டில் அவனைத் தடுக்க இந்தப் பூட்டை நம்பியதை எப்படி மன்னிப்பது?

பூட்டு இருக்கிற இடத்தில் பொருள் இருக்கும், குப்பையை எவரும் பூட்டி வைப்பதில்லை. தொழிலுக்கு வந்த நாள் முதல் இது அவருடைய நம்பிக்கை. சட்டைப் பையிலிருந்த வளைகம்பி தானாக அவர் கைக்கு வந்தது. பக்கத்து அறையில் தையல் மெஷின் ஓடத் தொடங்கியதும் வேலையை ஆரம்பித்தார். பூட்டு வாய் திறந்தது. பின்னாலேயே அவரும் வாயைத் திறந்தார்.

உள்ளே இளஞ்சிவப்பாகத் துண்டங்கள். ஒன்றைப் போட்டுக்கொண்டார். கடிக்க முடியாது, கடித்தால் சத்தம் கேட்கும். நாக்கின் மேல் வைத்துக் காத்திருந்தார். அது மெல்லக் கரைந்தது. முதலில் பாலேடு வந்தது, பிறகு வெனிலா வந்தது, கடைசியில் பழம் வந்தது. இந்த இடத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டு முனகினார் என்று மனைவி வீட்டு உறவினர்கள் சேர்த்துச் சொல்வதுண்டு. அவர் வீட்டு உறவினர்கள் அதை அடியோடு மறுக்கிறார்கள். ஃப்ரீசர் கதவைப் பிடித்தபடி வெகு நேரம் நின்றார் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அதன் பிறகு அது நித்திய வழக்கமாயிற்று. தட்டில் வைத்த தயிரை முகத்தைச் சுளித்து விழுங்குவார். மெஷின் ஓடும், பூட்டு திறக்கும். மெஷின் நின்றால் அவர் மூச்சும் நிற்கும். பெட்டியில் எடுக்க எடுக்கக் குறையவில்லை. தம்பி மேல் அக்காவுக்கு இவ்வளவு பாசமா என்று ஒரு கணம் பொறாமையும், மறுகணம் நன்றியும் தோன்றின. நாவுக்கும் ருசி, பந்தயத்திலும் வெற்றி. சர்க்கரை ஏறித்தானே ஆக வேண்டும்?

பரிசோதனை முடிவு வந்த அன்று, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு டாக்டர் முன் உட்கார்ந்தார். டாக்டர் தாளைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

"பிரமாதம். நல்லாக் குறைஞ்சிருக்கு."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"இருக்காது சார். வேற யாரோட ரத்தமாவது கலந்திருக்கும்."

"உங்க பேர்தான் இருக்கு. இதே மாதிரி கட்டுப்பாடா இருங்க."

ஆயுசுக்கும் தயிர் என்ற சொல் காதில் இரைந்தது. மானம் பெரிதா, இனிப்பு பெரிதா என்று யோசிக்க அவருக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

"கட்டுப்பாடா? சார், நான் தினமும் திருட்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டேன். பூட்டை உடைக்காம திறந்து சாப்பிட்டேன். நீங்க வேணும்னா எழுதிக்குங்க."

டாக்டர் மனைவியைப் பார்த்தார். அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"சாப்பிட்டார் டாக்டர். அதையும் நான்தான் செஞ்சேன். ஒரே தட்டுல உறைஞ்சது. பாதியை இவர் முன்னால வைப்பேன், பாதியைப் பூட்டி வைப்பேன்."

"பொய். அது வேற ருசி" என்றார் சாவிக்காரர்.

"கையில கொடுத்தா கடிச்சு முழுங்கறீங்க. திருடினா வாயில வச்சுக் கரைக்கறீங்க. ருசி எதுலங்க தெரியும்?"

"அப்ப உன் தம்பி?"

"அவனுக்கு ஐஸ்கிரீமே ஆகாது. பல் கூசும்."

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகத்தை மறைக்க அவருக்கும் ஏதோ ஒன்று வேண்டியிருந்தது.

"ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள் வீடு திரும்பும் வழியில். "சில நாள் தைக்கறதுக்குத் துணியே இருக்காது. நீங்க நிம்மதியா சாப்பிடணுமேன்னு வெறும் மெஷினை ஓட்டிக்கிட்டிருப்பேன். கால்தான் வலிச்சுது."

அவருக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. தேடிப் பார்த்தார், வரவில்லை.

மறுநாள் மத்தியானம் முழுப் பங்கையும் தட்டிலேயே வைத்தாள். அவர் கடிக்கவில்லை. நாக்கில் வைத்துப் பொறுமையாகக் கரைத்தார். பாலேடு வந்தது, வெனிலா வந்தது, பழமும் வந்தது.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன் முகம் இப்படிப் போகுது?"

சாவிக்காரர் எழுந்து போய், கடையிலிருந்து கொண்டுவந்த கனத்த பூட்டு ஒன்றைப் பையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"நாளையிலேருந்து இதைப் போட்டுப் பூட்டு. அந்தப் பழைய பூட்டு ரொம்ப சீக்கிரம் திறந்துடுது."

"சாவி?"

"அது எதுக்கு? கடையிலேயே விட்டுட்டு வந்துட்டேன்."