மனிதர்களைச் சம்பாதிக்கச் சொன்ன மாப்பிள்ளைக்கு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் அண்ணன், மூக்குக் கண்ணாடிக் கடைக்காரன், எழுதிக்கொள்வது. இங்கே நான், என் மனைவி, கடை ஆகிய மூவரில் மனைவி மட்டும் நலம். உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தங்கை என் போனை எடுப்பதில்லை என்பதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உங்களுக்கே போன் செய்திருக்கலாம்தான். செய்தால் நீங்கள் பேசுவீர்கள், நான் "ஆமாம் மாப்பிள்ளை" என்பேன், கடைசியில் புதிதாக ஏதோ ஒன்றுக்குச் சம்மதித்துவிட்டு வைப்பேன். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. அந்த ஒரு வசதிக்காகவே எழுதுகிறேன்.

போன தடவை வந்தபோது என் கடையில், பார்வை பார்க்கும் நாற்காலியில், கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து நீங்கள் சொன்னது எனக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. எதிர்ப்பக்கம் அந்தப் பெரிய கடை வந்த பிறகு என் கடைக்குள் ஈயைத் தவிர யாரும் வருவதில்லை என்று நான் புலம்பிக்கொண்டிருந்தேன். அங்கே கண்ணை ஒரு மெஷினே பார்த்துவிடுகிறது, வருகிறவர்களுக்குக் குளிரக் குளிரத் தண்ணீர் தருகிறார்கள், கண்ணாடி வாங்காதவர்கள்கூட வெயிலுக்கு ஒதுங்குகிறார்கள் என்றேன். நீங்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மச்சான், கடையில ஒரு குறையும் இல்ல. உங்களுக்கு ஆளுங்களைத் தெரியல, அவ்வளவுதான். மனுஷங்களைச் சம்பாதிங்க, மத்ததெல்லாம் தானா வரும்" என்றீர்கள். பெரிய நிறுவனத்தில் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர், ஆயிரம் பேர் உட்கார்ந்து கைதட்டுகிற மேடையில் பேசுகிறவர், எனக்காக ஒரு மத்தியானம் முழுக்கச் செலவழித்தீர்கள். வருகிறவர்களிடம் சிரிக்க வேண்டும், அவர்கள் குடும்பத்தை விசாரிக்க வேண்டும், போகிற இடத்திலெல்லாம் கார்டு கொடுக்க வேண்டும், எந்தப் பேச்சையும் நோக்கமில்லாமல் பேசக் கூடாது. நான் அத்தனைக்கும் தலையாட்டினேன். என் கெட்ட நேரம், அத்தனையையும் செய்தும் பார்த்தேன்.

முதலில் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வராது என்பது தங்கைக்குத் தெரியும். கல்யாண போட்டோவிலேயே நான் பல்வலிக்காரன் மாதிரிதான் நிற்பேன். கடையில் கண்ணாடிக்கா பஞ்சம், ஒன்றின் முன்னால் நின்று பழகினேன். பழகிய சூட்டோடு பல வருஷமாக வருகிற ஒரு அம்மா வந்தார். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் சொன்னபடியே, வீட்டுக்காரர் சௌக்கியமா என்று விசாரித்தேன். அவர் இவரை விட்டுவிட்டுப் போய் ஒரு மாசம் ஆகிறதாம். மூன்றாவது வரியில் இருந்த அந்த அம்மா அப்படியே அழ ஆரம்பித்தார். அழுகிற கண்ணுக்குப் பவர் பார்க்கக் கூடாது மாப்பிள்ளை, தண்ணீர் நின்றால் எழுத்து கலங்கும், கணக்கு தப்பும். ஆனால் அழுகிறவரை இன்னொரு நாள் வாருங்கள் என்று எப்படி அனுப்புவது? பார்த்தேன், தப்பாகவே வந்தது. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியில் தடுக்கி விழுந்து, இப்போது எதிர்க்கடையில் மெஷினிடம் காட்டுகிறார். மெஷின் யாரையும் விசாரிப்பதில்லை.

அடுத்து கார்டு. அடித்து வைத்த கார்டுகள் டப்பாவிலேயே கிடக்கின்றனவே என்று, தெரிந்த வாடிக்கையாளர் ஒருவர் காலமானபோது துக்கத்துக்குப் போன இடத்திலும் பையில் எடுத்துப் போனேன். கொடுக்கும் எண்ணமே இல்லை, சத்தியம். ஆனால் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, வருகிற ஒவ்வொருவர் கையையும் பிடித்து, தலையைச் சாய்த்து, பூப்போல ஒரு கார்டை வைத்துக்கொண்டிருந்தார். அமரர் ஊர்தி வைத்திருப்பவர். எவ்வளவு பணிவு, எவ்வளவு மெல்லிய குரல். நீங்கள் சொன்ன இலக்கணமெல்லாம் ஓர் ஆளாக நிற்பதைப் பார்த்து நானே போய் என் கார்டைக் கொடுத்தேன். அவர்தான் என்னைப் புதன்கிழமைச் சங்கத்தில் சேர்த்துவிட்டார். வண்டிக்காரர் என்றே அவரைக் குறிப்பிடுகிறேன்; இந்தக் கடிதத்தில் அவர் நிறைய வருவார்.

புதன்கிழமைச் சங்கம் என்பது ஒரு ஓட்டலின் மாடி அறையில், விடிந்தும் விடியாமலும், பல் கூச வைக்கிற குளிரில் நடக்கும். ஆளுக்கு ஒரு நிமிடம் எழுந்து தன் தொழிலைப் பற்றிப் பேச வேண்டும், தலைவர் மணியடித்தால் உட்கார வேண்டும். என் பெயரையும் தொழிலையும் சொல்வதற்குள் எனக்கு மணி அடித்துவிடும். ஒவ்வொரு வாரமும் இன்னொரு உறுப்பினருக்கு ஒரு சிபாரிசாவது, அதாவது அவர் தொழில் தேவைப்படுகிற ஒரு ஆளின் பெயராவது, கொண்டுவர வேண்டும் என்பது விதி. வண்டிக்காரர் முதல் வாரத்திலிருந்தே எனக்கு ஆள் அனுப்பினார். அவர் ஆள் பிடிக்கிற இடம் தெரிந்ததுதானே. வந்தவர்கள் எல்லோரும் இறந்துபோனவரின் கண்ணாடியைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து, இதை எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டார்கள். எப்படி மறுப்பது? இப்போது என் அலமாரியில் ஒரு தட்டு முழுக்க, போட்டுக்கொள்ள ஆளில்லாத கண்ணாடிகள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. அவர் இவ்வளவு செய்தும் நான் பதிலுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சங்கத்தில் ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தார்கள்.

இப்போது உங்கள் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். மாமா ஏன் என்னோடு பேசுவதில்லை என்று உங்களுக்குச் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார், சொல்ல வாய் வராது. அவர் குடலிறக்க ஆபரேஷனுக்காக இந்த ஊர் ஆஸ்பத்திரியில் இருந்த வாரம், நான்தான் தினமும் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் புதன்கிழமை கையில் சிபாரிசு எதுவும் இல்லை. என் முறை வந்தது. எழுந்து, தங்கையோட மாமனார் ஆஸ்பத்திரியில இருக்கார், ரெண்டு நாள்ல வெளிய வந்துடுவார், அந்த அலைச்சல்ல என்று ஆரம்பித்தேன், மணி அடித்துவிட்டது. அது சாக்கு மாப்பிள்ளை, சிபாரிசு இல்லை. ஆனால் வண்டிக்காரர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். தலைவர் என் கையைக் குலுக்கினார். எல்லோரும் தட்டினார்கள். என் வாழ்நாளில் எனக்காக யாரும் கை தட்டியதில்லை. திருத்திச் சொல்லியிருக்க வேண்டும். உட்கார்ந்துவிட்டேன்.

வண்டிக்காரர் அன்றைக்கே பழங்களோடு வார்டுக்குப் போயிருக்கிறார். நான் அனுப்பியதாகச் சொன்னதும் மாமாவுக்கு ஏக சந்தோஷம். வீட்டுக்குக் கூட்டிப் போக வாடகைக் கார் ஏற்பாடு செய்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். வண்டியில் ஏசி உண்டா என்று கேட்டிருக்கிறார். உண்டு, அது ரொம்ப முக்கியம் என்று இவர் சொல்லியிருக்கிறார். கூட எத்தனை பேர் வரலாம் என்றதற்கு, பின்னால் ஆறு பேர் தாராளமாக உட்காரலாம் என்று பதில். தையல் போட்ட இடம் வலிக்கிறதே என்ற கவலையில் மாமா, "படுத்துக்கிட்டே போகலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

"படுத்துக்கிட்டுத்தாங்க ஐயா போகணும்" என்றாராம் இவர்.

மாமா நெகிழ்ந்துபோய், நம்ம வீட்டு ஆளுக்குத்தான் எவ்வளவு அக்கறை என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் பெருமைப்பட்டிருக்கிறார். அதற்குப் பிறகுதான் கார்டு. மாமா கண்ணாடியை எடுத்து மாட்டிப் படித்திருக்கிறார். அது நான் போட்டுக் கொடுத்த கண்ணாடி. பொடி எழுத்துகூட விடுபடாமல் தெரிந்திருக்கும். என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த நல்ல கண்ணாடிக்காக நான் வருத்தப்படுவது இதுதான் முதல் தடவை. இவ்வளவையும் எனக்குச் சொன்னவர் வண்டிக்காரரேதான். ரொம்ப நல்ல மனுஷர், கடைசியில்தான் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டார் என்றார். அன்று சாயங்காலம் நான் போனபோது மாமா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தங்கை என் போனை எடுக்காமல் போனது அன்றிலிருந்துதான்.

இதெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். பக்கத்துக் கடைத் தையல்காரரை உங்களுக்குத் தெரியும், உங்கள் பேன்ட்டின் நீளத்தை நின்ற இடத்திலேயே கண்ணால் அளந்து சொன்னாரே, அவர்தான். இத்தனை வருஷமாக மத்தியானம் நாங்கள் இரண்டு பேரும் டீ குடிப்போம். பெரிதாக ஒன்றும் பேச மாட்டோம். நூல் அறுந்தால் அவர் திட்டுவார், நான் தலையாட்டுவேன், அவ்வளவுதான். அந்த மனுஷனைப் போய், நோக்கமில்லாமல் பேசக் கூடாது என்று நீங்கள் சொன்னீர்களே என்று, அடுத்த அஞ்சு வருஷத்துக்கு உங்க திட்டம் என்னங்க என்று கேட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. கட்டிட முதலாளி ஏதாவது சொன்னாரா, காலி பண்ணச் சொல்றாங்களா என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். அப்புறம் தைத்துக் கொடுக்கிற ஒவ்வொரு சட்டைப் பையிலும் என் கார்டு ஒன்றை வைக்கச் சொன்னேன். மறுபேச்சுப் பேசாமல் வைத்தார். இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். சங்கத்தில் ஆடை வடிவமைப்பாளர் ஒருவர் இருக்கிறார். உறுப்பினர்கள் உறுப்பினர்களிடம்தான் வேலை கொடுக்க வேண்டும் என்று தலைவர் கண்டிப்பாகச் சொன்னதால் ஒரு கோட்டு அவரிடம் தைத்துக்கொண்டேன். அதைப் போட்டுக்கொண்டு கடைக்கு வர எனக்கு வேறு பாதை இல்லை, தையல்காரர் வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும்.

அவர் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கோபப்படவில்லை. எழுந்து வந்து என் தோளைத் தடவி, இங்கே தூக்கிக்கிட்டு நிக்குது என்றார். நான் பழகிய சிரிப்பைச் சிரித்தேன். நிஜமாகவே எனக்கு அப்போது வேறெதுவும் வரவில்லை.

"நானும் உங்க கார்டு ஆளுங்கள்ல ஒருத்தனா ஆயிட்டேனா?" என்று கேட்டார்.

அன்று மத்தியானம் டீக்கடையிலிருந்து ஒரு கிளாஸ்தான் வந்தது, அதுவும் அவர் கடைக்கு. அன்றிலிருந்து அப்படித்தான். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கிறது, இந்தப் பக்கம் நான் செத்தவர்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வீட்டுக்குப் போனால் மனைவி, இந்தச் சிரிப்பை என்கிட்டயும் சிரிக்காதீங்க, யாரோ வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு என்கிறாள். சிரிக்கவில்லை என்று சொல்லப் போனால் அப்போதும் முகம் அப்படியே நிற்கிறது. கழற்றத் தெரியவில்லை மாப்பிள்ளை.

ஆகவே மரியாதையோடு தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், நான் இத்துடன் மனிதர்களைச் சம்பாதிப்பதை நிறுத்திக்கொள்கிறேன். சங்கத்துக்கு இனி போக மாட்டேன். மிச்சமுள்ள கார்டுகளைப் பழைய பேப்பர் எடுக்கிற தராசுக்காரரிடம் போட்டுவிட்டேன், அவர் அதிலும் ஒன்றை எடுத்துப் படித்துவிட்டு, கண்ணுக்கு எதிர்க்கடை நல்லா இருக்காமே என்றார். புதிதாக ஒருவரையும் எனக்குத் தெரிய வேண்டாம். இருந்தவர்களைத் திருப்பிக் கொடுத்தால் போதும். நீங்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று தெரியும். ஆனாலும் இனிமேல் எனக்கு ஆலோசனை எதுவும் சொல்ல வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். மாமாவிடம் நீங்களே எடுத்துச் சொல்லி, அவர் இன்னும் பல்லாண்டு நடந்தே எல்லா இடத்துக்கும் போக வேண்டும் என்று நான் விரும்புவதாகத் தெரிவிக்கவும். தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் அண்ணனின் ஆசிகள், அவள் போனை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும்.

இப்படிக்கு,
மனிதர்களை இழந்த,
உங்கள் மச்சான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் தங்கை போன் செய்தாள். மேலே எழுதியிருப்பதைப் படிக்க வேண்டாம். படித்திருந்தால் மறந்துவிடுங்கள். திருப்பி எழுத எனக்குக் கை ஓடவில்லை. உங்கள் நிறுவனத்தில் பயிற்சிப் பிரிவையே மூடிவிட்டார்களாமே. நீங்கள் இன்னமும் காலையில் சட்டையை மடித்து உள்ளே விட்டுக்கொண்டு கிளம்பிப் போய்ப் பூங்காவில் உட்கார்ந்திருக்கிறீர்களாம், அவளுக்கு நேற்றுத்தான் தெரிந்ததாம். கைதட்டியவர்களில் ஒருத்தரும் உங்கள் போனை எடுக்கவில்லை என்று சொல்லி அழுதாள். மாமாவுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். நீங்கள் வெள்ளிக்கிழமைக்குள் கிளம்பி இங்கே வாருங்கள். வண்டிக்காரரிடம் பேசிவிட்டேன், துக்க வீட்டுக்காரர்களிடம் பக்குவமாகப் பேச ஒரு ஆள் தேடிக்கொண்டிருந்தாராம், உங்கள் குரல் எப்படி என்று கேட்டார், அருமையாக இருக்கும் என்றேன். அது பிடிக்காவிட்டால் புதன்கிழமை சங்கத்துக்குப் போகலாம், நானே உங்களை அறிமுகம் செய்துவைக்கிறேன், தராசுக்காரரிடமிருந்து கார்டுகளை மீட்டுவிட்டேன். இன்னொன்று. தங்கை போனை வைத்ததும் எனக்கு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை, கால் தானாகப் பக்கத்துக் கடைக்குப் போனது. தையல்காரர் மெஷினை நிறுத்திக் கேட்டார். கேட்டுவிட்டு, அவர் சீருடை தைத்துக் கொடுக்கிற பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியையைப் போனில் கூப்பிட்டு, நம்ம வீட்டு மாப்பிள்ளை, மேடையில பேசுறவர், பிள்ளைங்களுக்குப் பேசப் பழகிக் கொடுப்பார் என்று வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். வைத்த பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை. தைத்துக்கொண்டே, "அவரை வந்ததும் அளவு கொடுக்கச் சொல்லுங்க, அந்தம்மா முன்னாடி நல்ல சட்டையா போட்டுக்கிட்டு நிக்கட்டும்" என்றார். அதை என்னோடு பேசியதில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை.