தலை ஆடிக்குப் போய் போல்ட் முடுக்கிய கதை

புது மாப்பிள்ளை கையில் ஸ்பேனரைக் கொடுக்கக் கூடாது. அவரே கேட்டாலும் கொடுக்கக் கூடாது. கொடுத்துத் தொலைத்துவிட்டால், வேலை முடியும்வரை அவர் பக்கத்தை விட்டு நகரக் கூடாது. இந்த மூன்று விதிகளும் என் மாமனார் வீட்டில் என்னால் ஏற்பட்டவை.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குக் கண் திறந்திருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன். ஓடுகிற மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார மாட்டேன். (என் கல்யாணத்தில் மணவறைக்கு மேலே இருந்த விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு, வேர்த்து ஒழுக ஒழுகத்தான் தாலி கட்டினேன். பயத்தில் வேர்க்கிறது என்று ஊர் பேசியது. அதுவும் உண்மைதான்.)

பிழைப்புக்குச் சேலத்தில் ஒரு நட்டு போல்ட் கடையில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். குடியிருப்பு அஸ்தம்பட்டி. கடையில் இருந்த அத்தனை போல்ட்டுக்கும் அளவு தெரியும், விலை தெரியும். ஒன்றையாவது முடுக்கிப் பார்த்ததில்லை. ஆனால் பெண் வீட்டார் ஜேடர்பாளையம் பக்கம் முழுக்க, "மாப்ள மிசினு லைன்ல இருக்காருங்க" என்று சொல்லி வைத்திருந்தார்கள். நானும் மறுக்கவில்லை. யாராவது மறுப்பார்களா?

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்களுக்குத் தலை ஆடி வந்தது. ஆடிக்கு அழைக்காத மாமியாரை என்ன செய்ய வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்திருப்பதை இங்கே எழுத முடியாது. என் மாமியார் அந்த வம்புக்கே இடம் வைக்கவில்லை. மாதம் பிறந்ததுமே என் மனைவி சரஸ்வதியை அழைத்துப் போய்விட்டார். ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாளே வந்துவிட வேண்டும் என்று எனக்கும் உத்தரவு.

பஸ் நிற்கும் இடத்துக்கு மாமனாரே டிராக்டரோடு வந்திருந்தார். வாழைத் தோட்டத்துக்கென்று வாங்கிய சின்ன டிராக்டர். சீட்டுக்குப் பின்னால் ஓர் இரும்பு வளைவு ஓங்கி நின்றது. வண்டி கவிழ்ந்தால் ஓட்டுகிறவர் நசுங்கிவிடாமல் அது தாங்கிக்கொள்ளும். பக்கத்துத் தோட்டக்காரரின் டிராக்டர் வாய்க்கால் கரையில் கவிழ்ந்து அவருடைய கால் போனதைப் பார்த்தபின், நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் மாமனார் சொல்லிச் செய்தது. லாரி கட்டிப் பழகிய கை சின்னதாக எதையும் செய்யாது. வண்டி கழுதை உயரம் என்றால் வளைவு யானை உயரம்.

என்னை மட்கார்டில் உட்கார வைத்து வண்டியை எடுத்தார். எடுத்ததுமே என் பின்மண்டைக்குப் பக்கத்தில் டங், டங் என்று சத்தம். திரும்பிப் பார்த்தேன். வளைவு பின்பக்கமாகச் சாய்ந்து, பள்ளத்துக்குப் பள்ளம் தலையாட்டிக்கொண்டு வந்தது. மட்கார்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, இது ஆடுதுங்களே?"

"ஆடுமுங்க மாப்ள."

அவர் அவ்வளவுதான் பேசுவார். அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் காலையில் சொந்தபந்தம் எல்லாம் டிரெய்லரில் ஏறி ஆற்றுக்குப் போவதாக ஏற்பாடு. போகிற வழி, பக்கத்துத் தோட்டக்காரரின் கால் போன அதே வாய்க்கால் கரை. சரஸ்வதி அதில் உட்கார்ந்து வருவாள். மாமனார் ஓட்டுவார். அவர் தலைக்குப் பின்னால் அந்த இரும்பு ஆடிக்கொண்டே வரும். நினைக்க நினைக்க, அன்று காலையில் எனக்கு இட்லி இறங்கவில்லை. (ஏழோடு நிறுத்திக்கொண்டேன்.) எழுந்து நேரே டிராக்டர் கொட்டகைக்குப் போனேன்.

அது பழைய ஓட்டுக் கொட்டகை. உள்ளே கூரை உயரம், வாசல் மட்டும் குட்டை. குனிந்து பார்த்தவனுக்குப் பகீரென்றது. வளைவின் இரண்டு காலிலும் பின்பக்கம் இருந்த போல்ட்டுகள் தளர்ந்து கிடந்தன. முன்பக்கம் போல்ட்டே இல்லை, வெறும் ஓட்டை. சீட்டுக்கடியில் இருந்த டூல்ஸ் பெட்டியைத் திறந்தேன். காணாமல்போன இரண்டு போல்ட்டும் எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, பத்திரமாக இருந்தன. இவ்வளவு பத்திரமாக ஒருவர் ஏன் கழற்றி வைக்க வேண்டும் என்று ஒரு நொடி யோசித்திருந்தால், இந்தக் கட்டுரை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

என் மச்சினன் செல்வராசு அங்கே வந்தான்.

"மச்சான், அது அப்பிடியே கெடக்கட்டுங்க."

"எப்படிடா கெடக்கும்? உங்கப்பா உயிரு அதுலதான் இருக்குது!"

"இல்லீங்க, அப்பாதான் அத..." என்று இழுத்தவன், வாசலில் மாமியாரின் தலை தெரிந்ததும், "சரிங்க மச்சான்" என்று முடித்துக்கொண்டான்.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. நான் வருவதற்கு முன்பே மாமியார், வீட்டில் எல்லோரையும் நிற்க வைத்துச் சொல்லியிருக்கிறார்: "தலை ஆடிக்கு வார மாப்ள. அவரு என்ன சொன்னாலும் சரிங்கோணும். எவனாச்சும் எதுத்துப் பேசுனீங்க, சோறு கெடையாது." நான் குளிக்கப் போனதும் கழற்றிவிடலாம் என்பது செல்வராசுவின் திட்டம். அதற்குள் மாமியார் அவனைப் பூ வாங்கச் சைக்கிளில் அனுப்பிவிட்டார்.

நான் வளைவை நிமிர்த்தி நிறுத்தி, முன்பக்கத்து போல்ட் இரண்டையும் போட்டு, நாலையும் முடுக்கினேன். கை வலு போதாமல் ஸ்பேனர் மேலேயே ஏறி நின்றேன். வழுக்கிச் சாணியில் உட்கார்ந்தேன். மறுபடி ஏறி நின்றேன். கடைசியில் வளைவைப் பிடித்து உலுக்கிப் பார்த்தால் இம்மியும் அசையவில்லை. நான் பில்லில் எழுதிய போல்ட்டுகள் எல்லாம் சேர்ந்து எனக்குக் கை தட்டுவதுபோல் இருந்தது.

சரஸ்வதி காபி கொண்டுவந்தாள். "ஏனுங்க, வேட்டியெல்லாம் சாணி? என்னங்க பண்றீங்க?"

"உங்கப்பா உயிரக் காப்பாத்திட்டு இருக்கறேன்" என்றேன், வெகு அலட்சியமாக.

நேரமாகிவிட்டது என்று, வெளியே தனியாக நின்ற டிரெய்லரில் ஏறியிருந்தவர்கள் கூப்பாடு போட்டார்கள். மாமனார் வெள்ளை வேட்டி சட்டையில் அவசரமாக வந்தார். இருட்டுக் கொட்டகைக்குள் போனார், ஏறினார், வண்டியைக் கிளப்பினார். பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை. நான் வெளியே கை கட்டிக்கொண்டு பாராட்டுக்காக நின்றேன்.

வண்டி வாசலை நெருங்கியபோதுதான் வாசலுக்கு மேலே குறுக்கே கிடந்த பனஞ்சட்டத்தைப் பார்த்தேன். வளைவைப் பார்த்தேன். வளைவு ஒரு முழம் அதிகமாக இருந்தது. அது ஏன் சாய்ந்திருந்தது, போல்ட் ஏன் துணிக்குள் இருந்தது, செல்வராசு ஏன் பேச்சை இழுத்தான் என்பதெல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது.

"மாமா! மாமா!" என்று இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினேன். எஞ்சின் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. மாப்பிள்ளை குஷியாக இருக்கிறார் என்று நினைத்து அவரும் கையை ஆட்டினார். தூரத்தில் செல்வராசு, சைக்கிளில் பூவோடு, "அப்போவ்! வளைவு! வளைவு!" என்று அலறிக்கொண்டு வந்தான்.

வளைவு சட்டத்தில் போய் முட்டியது. வளைவு நகரவில்லை. நாலு போல்ட்டும் அப்படிப் பிடித்திருந்தன. பின்சக்கரம் மண்ணைக் கீறிக்கொண்டு தள்ள, முன்சக்கரம் இரண்டும் மெல்ல மேலே எழும்பின. எந்த விபத்துக்குப் பயந்து நான் சாணியில் உருண்டேனோ, அதே விபத்து, வாய்க்கால் கரைக்குக்கூடப் போகாமல், வீட்டு வாசலிலேயே நடந்துகொண்டிருந்தது. என் மனைவியின் அப்பாவை நான் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். அந்த ஒரு கணத்தை மட்டும் இன்றுவரை என்னால் சிரித்துக்கொண்டு சொல்ல முடிவதில்லை.

மடாரென்று சட்டம் முறிந்தது. முன்சக்கரம் தொப்பென்று தரையில் விழுந்தது. முறிந்த சட்டமும் அதன் மேலிருந்த ஓடுகளும் சேர்ந்து மாமனாரின் தலையை நோக்கிச் சரிந்தன. எஞ்சின் நின்றுபோனது. புழுதியில் எதுவும் தெரியவில்லை. டிரெய்லரில் யாரோ பெரிதாக அழ ஆரம்பித்தார்கள்.

புழுதி அடங்கியது. மாமனார் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மீசை முழுக்கச் செம்மண். அவர் தலைக்கு மேலே, அவ்வளவு கனமான சட்டத்தையும் வளைவு தாங்கிக்கொண்டு நின்றது. அவர் அண்ணாந்து பார்த்தார். வளைவைக் கையால் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினார். அசையவில்லை. பிறகு என்னைப் பார்த்தார்.

"நல்லா முடுக்கியிருக்கீங்க மாப்ள" என்றார்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாமியார் சொம்புத் தண்ணீரோடு ஓடிவந்தார். பிழைத்து எழுந்த புருஷனைத் தாண்டிக்கொண்டு வந்து, முதலில் எனக்குத்தான் நீட்டினார். தலை ஆடி மரியாதை!

வாசலை உயர்த்திக் கட்ட மாமனார் முன்பே முடிவு செய்திருந்தாராம். அதுவரை வளைவைச் சாய்த்து வைத்து, கரைப் பக்கம் போகிற நாளில் மட்டும், கொட்டகைக்கு வெளியே வந்தபின் நிமிர்த்தி முடுக்கிக்கொள்வாராம். அன்றைக்கும் அதைச் செய்யத்தான் இருந்தார். நான்தான் சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தேன்.

"ஆடியில கட்டட வேலை தொட வேண்டாமுன்னு ஆவணிக்கு உட்டிருந்தனுங்க" என்றார் மாமனார், மீசையைத் தட்டிக்கொண்டே. "நீங்க ஆடியிலயே பாதி வேலைய முடிச்சுட்டீங்க."

அன்று ஆற்றுக்கு எல்லோரும் நடந்தே போனோம். வழி முழுக்க யாரும் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது. ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் சேர்த்து வைத்துச் சொன்னார்கள். இன்றும் அந்த வீட்டில் கட்டில் ஆடினாலோ கதவு ஆடினாலோ, "மெதுவாப் பேசு, மாப்ள காதுல உழுந்துரப் போவுது" என்பார்கள். நான் போகிற நாளில் செல்வராசு ஸ்பேனர்களை அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிடுவான்.

போன வருடம் எங்கள் மகளுக்குத் தலை ஆடி. மாப்பிள்ளை வந்து கூடத்தில் உட்கார்ந்தார். அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தார்.

"மாமா, இது ஆடுதுங்களே? ஒரு ஸ்பேனர் இருக்குங்களா?"

"ஆடுமுங்க மாப்ள" என்றேன்.

சமையலறையிலிருந்து சரஸ்வதியின் குரல் வந்தது: "மாப்ள கேக்கறதக் குடுங்க. நல்லா முடுக்கட்டும்!" அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கொடுத்தேன். அவர் ஸ்டூலைப் போட்டு ஏறினார். மூன்றாவது விதிப்படி நான் ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவர் இறங்கும்வரை நகராமல் நின்றேன், மின்விசிறிக்கு நேர் கீழே.