பெண் பார்க்கப் போன இடுப்பு

கல்யாணத்துக்குப் பிறகு மனைவியிடம் மிதி வாங்கியவர்கள் ஊருக்குள் நிறையப் பேர் உண்டு, வெளியே சொல்லமாட்டார்கள். நான் கல்யாணத்துக்கு முன்பே வாங்கியவன். அதுவும் இரண்டு குடும்பமும் கூடியிருந்த சபையில், வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில்.

எண்பதுகளின் கடைசி. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தேன். ஊர் உலகத்துக் காயத்துக்கெல்லாம் துணி அனுப்பிய எனக்கு இடுப்பில் ஓயாத வலி. அம்மாவுக்கோ என் வலியைவிட அது வெளியே தெரிந்துவிடுமே என்பதுதான் கவலை. தரகர் மூலமாக ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒரு பெண் அமைகிற மாதிரி இருந்தது. செல்வி என்று பெயர். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே கிடையாது.

"ஏலே, இடுப்பு வலின்னு மூச்சு விட்டே, எவனும் பொண்ணு தரமாட்டான். வாயைத் தச்சுக்கிட்டு இரு" என்றாள் அம்மா.

சத்தமில்லாமல் சரிசெய்துகொள்ள யோகா வகுப்பில் சேர்ந்தேன். பெண் பார்க்கப் போகிற ஞாயிற்றுக்கிழமை காலையிலும் போனேன். சாயங்காலத்துக்குள் நிமிர்ந்துவிடலாம் என்ற நப்பாசை. ஜமுக்காளத்தில் உட்கார்ந்து திரும்பினால், பக்கத்தில் செல்வியின் தாய்மாமா! ராஜபாளையத்துக்காரர், ஜாதகம் வாங்க எங்கள் வீட்டுக்கு வந்துபோனவர்.

"அட, மாப்பிள்ளையா! நானும் இன்னைக்குத்தான் சேந்தேன். சுகரு."

மாஸ்டர் முன்னால் வந்து, "இடுப்பு வலி உள்ளவிய கையைத் தூக்குங்க. அவியளுக்கு இந்த ஆசனம் வேண்டாம். சும்மா படுத்து மூச்சு விட்டாப் போதும்" என்றார்.

இடுப்பு வலிக்காகவே சேர்ந்தவன் நான். தாய்மாமா பார்க்கிறாரே என்று கையைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். கை தூக்கிய புண்ணியவான்கள் சுகமாகப் படுத்துவிட்டார்கள். நான் மல்லாந்து, இரண்டு காலையும் தூக்கி, தலைக்குப் பின்னால் கொண்டுபோய்த் தரையைத் தொட்டேன்.

"அடேயப்பா, எம்புட்டு வளையுதாரு!" என்றார் தாய்மாமா. அந்தப் பாராட்டில் கிறுக்குப் பிடித்து இன்னும் கொஞ்சம் வளைந்தேன். இடுப்பில் 'மளுக்' என்றது. முகத்தில் சிரிப்பை மட்டும் விடவில்லை. (தலைகீழாக இருந்ததால் அது அழுகை மாதிரித் தெரிந்திருக்கலாம்.)

சாயங்காலம் பஸ்ஸில் உட்கார முடியாமல், கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்ந்தேன். பெண் வீட்டில் தாய்மாமா, "மாப்பிள்ளைக்கு ரப்பர் உடம்பு" என்று எல்லாரிடமும் அளந்துகொண்டிருந்தார். கேசரி வந்தது, காபி வந்தது, செல்வியும் வந்தாள். போட்டோவைவிட அழகு. எல்லாம் கூடிவருகிற நேரத்தில் அம்மா பெருமையாகச் செல்வியின் அப்பாவைக் காட்டி, "ஏலே, விழுந்து கும்பிட்டுக்கோ" என்றாள்.

விழுந்தேன். விழுந்தது விழுந்ததுதான்.

"நல்லா இருங்க தம்பி, எந்திரிங்க" என்றார் செல்வியின் அப்பா. நான் அசையவில்லை. "போதும் தம்பி." அசையவில்லை. மனிதர் கூச்சப்பட்டுக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"பெரியவியன்னா அவனுக்கு உசுரு. செத்த நேரம் அப்படித்தான் கிடப்பான்" என்று அம்மா சமாளித்தாள்.

எவ்வளவு நேரம்தான் மரியாதையாகவே கிடப்பது? "இடுப்பு பிடிச்சுக்கிருச்சு" என்று தரையைப் பார்த்து முனகினேன். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். போச்சு, சம்பந்தம் போச்சு, செல்வி போச்சு என்று எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"அடப் பாவமே, இதுக்குத்தானா இம்புட்டு நேரம்?" என்றார் செல்வியின் அம்மா. "ஏட்டி செல்வி, வந்து மிதி!"

கால் முந்திப் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. செல்வி கால் முந்திப் பிறந்தவளாம். தெருவில் யாருக்குப் பிடிப்பு என்றாலும் அவளைத்தான் கூப்பிடுவார்களாம். (தரகர் இதைச் சொல்லவே இல்லை.)

"பொண்ணு பாக்க வந்தவரை எப்படிம்மா மிதிக்க?"

"வந்தவரு எந்திரிச்சு வீட்டுக்குப் போக வேண்டாமாட்டி?"

கொலுசுச் சத்தம் கிட்டே வந்தது. "எம்புட்டு நாளா வலி?" என்று மேலேயிருந்து ஒரு குரல். செல்வி என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"ரெண்டு வருசமா" என்றேன்.

"அப்போ காலையில மாஸ்டர் கேக்கும்போது ஏன் கையைத் தூக்கலை?" என்று தாய்மாமா துள்ளினார். நான் பதில் யோசிப்பதற்குள் செல்வியின் இடது கால் இறங்கியது. முதல் மிதி மெதுவாக. இரண்டாவது, எலும்பு வரைக்கும். "ஐயோ அம்மா!" என்று அலறி எழுந்தவன் நேராக நின்றேன். (குணமானதா, பயந்து எழுந்தேனா, இன்றுவரை தெரியாது.)

"முதல் மிதி பிடிப்புக்கு. ரெண்டாவது, மறைச்சதுக்கு" என்றாள் செல்வி.

அம்மா வாசலில் செருப்பைத் தேடப் போய்விட்டாள். செல்வியின் அப்பா மகளைப் பார்த்து, "நீ என்னம்மா சொல்லுத?" என்றார்.

"வேற வீட்டுல போயி விழுந்தா இவரை எழுப்ப ஆளு இருக்காதுப்பா. பாவம், இங்கயே முடிச்சிருங்க."

முடித்துவிட்டார்கள். பல வருடம் கழித்து எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்த பையன் என் காலில் விழுந்தான். மரியாதைக்காரன், எழுந்திருக்கக் கொஞ்சம் தாமதம். திரும்பிப் பார்த்தால் செல்வி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். "விடு, அவரு தானா எந்திரிப்பாரு!" என்று எங்கள் வீடே கத்தியது. ஏன் கத்தினோம் என்று பிறகு மாப்பிள்ளையிடம் இந்தக் கதையைச் சொன்னோம். தீபாவளிக்கு என் காலில் விழுகிறதற்கு முன்னால், அத்தை எங்கே நிற்கிறார் என்று இப்போதும் அவர் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறார்.