வண்டிக்காரப் பூட்டனின் மாமரம்

எமன் வந்து வெறுங்கையோடு திரும்பிப் போன வீடு பாறசாலை வட்டாரத்தில் எங்கள் வீடு ஒன்றுதான். காரணம், என் அப்பாவின் தாத்தா. ஊருக்கே அவர் வண்டிக்காரப் பூட்டன். பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் எல்லோரும் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

நூறு தாண்டியும் மாட்டுவண்டி பூட்டி உதியன்குளங்கரைச் சந்தைக்குத் தேங்காய் கொண்டுபோனார். மாடுகளைத் தமிழில் கொஞ்சுவார். வழிமறிப்பவர்களை மலையாளத்தில் ஏசுவார்.

எங்கள் பக்கத்தில் ஆள் இறந்தால் சொந்த மாமரத்தை வெட்டித்தான் சிதை அடுக்குவார்கள். பூட்டன் தமக்காக வளர்த்த இரண்டு மரங்கள் தம்பிக்கும் மருமகனுக்கும் போய்விட்டன. மிச்சமிருந்த ஒன்று களியக்காவிளைக்கு அப்பால், மகள் வீட்டு விளைத்தோட்டத்தில் நின்றது.

ஊர் தமிழ்நாட்டுக்கா கேரளத்துக்கா என்று எல்லைப் போராட்டம் மூண்டது. பையன்கள் கொடியோடு வந்தார்கள்.

"பூட்டா, நீரு எந்தப் பக்கம்?"

"எனக்க மாமரம் நிக்க பக்கமாக்கும்."

கடைசியில் கோடு போட்டார்கள். வீடு கேரளம், மரம் தமிழ்நாடு. இனி விறகுகூட இந்தப் பக்கம் வராது என்று யாரோ சொல்ல, பூட்டனுக்குக் கஞ்சி இறங்கவில்லை.

"சொந்த மரத்துல வேகாம போவேனோ மக்கா?"

மறுநாள் வண்டியோடு போய், நின்ற மரத்தை வெட்டி ஏற்றிக்கொண்டார். பாவாடைச் சிறுமியான நானும் கூட இருந்தேன். சோதனைச் சாவடியில் ஒரு மலையாளக் காவலர் மறித்து, வண்டியிலிருந்த கட்டைகளைத் தட்டினார்.

"அப்பூப்பா, தடி எந்தினா?"

"தகனத்துக்கு."

"ஆரு மரிச்சது?"

"நான்தான். கொஞ்சம் தாமசம் உண்டு."

காவலர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, குறுக்கு மூங்கிலைத் தூக்கிவிட்டார்.

அந்தத் தாமசம் வருஷக்கணக்கில் நீண்டது. நான் பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்தபோது அடைமழை. வெந்நீர் போட ஒரு சுள்ளி காய்ந்ததில்லை. பூட்டனே கொட்டிலிலிருந்து தம் விறகை இழுத்துவந்து அடுப்படியில் போட்டார். அம்மா பதறிவிட்டாள்.

"பாட்டா, இது ஒமக்கு வச்சதாக்கும்."

"எனக்கு என்ன அவசரம்? பிள்ளைக்குக் குளிரும்லா."

மழை விடுவதற்குள் விறகு முழுவதும் தீர்ந்தது. பூட்டன் முற்றத்தில் ஒரு மாங்கொட்டையை ஊன்றினார். அது காய்த்து, பழமும் தின்ற பிறகுதான் போனார். எங்கள் வம்சத்துக்கு அவசரம் என்பது கிடையாது.

அவர் போன அன்று, முற்றத்து மரத்தை வெட்ட என் தம்பி கோடாலி எடுத்தான். நான் மரத்துக்குக் குறுக்கே போய் நின்றேன்.

"எலே, வெட்டாதே."

"பின்ன எதுல எரிக்க?"

அதற்குள் சேதி பரவி, கோட்டுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் தலைக்கொரு மாங்கட்டையோடு வந்து சேர்ந்தார்கள். முற்றத்து மரத்தில் ஒரே ஒரு கிளையை ஒடித்து நான் அவர் நெஞ்சின்மேல் வைத்தேன். மீதியைத் தொட விடவில்லை. அவர் இல்லாத முற்றத்தில் அதுவாவது நிற்கட்டும்.