மௌனத்தைத் தூக்கிக் காட்டிய கம்ப்ரஸர்

நான் எழுதிய மென்பொருள்களிலேயே ஒரு குறையும் இல்லாமல் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தது ஒன்றே ஒன்றுதான். அது அப்படி ஒழுங்காக வேலை செய்ததால்தான் என் அக்கா கல்யாணம் பாதியில் நின்றுபோகப் பார்த்தது.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பாட்டுப் பதிவு செய்கிறவர்கள் கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்கிற ப்ளக்-இன் என்கிற குட்டி மென்பொருள்களைச் செய்கிறேன். சத்தத்தை அமுக்க ஒன்று, சிந்தசைஸர் கீச்சிட்டால் வடிகட்ட ஒரு ஃபில்டர், இப்படி. இதற்காகச் சென்னையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டு மாடி அறையில் வந்து உட்கார்ந்திருந்தேன். "பையன் என்ன பண்ணுதான்?" என்று யாராவது கேட்டால் அப்பா, "மாடில உக்காந்து பட்டன் திருகுதான்" என்பார். (பொய்யில்லை. ஒரு ஃபில்டரில் திருகுகிற பட்டன் பார்க்க அம்சமாக இருக்க வேண்டும் என்று இரண்டு வாரம் அதை மட்டுமே வரைந்திருக்கிறேன்.)

அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைப் பொறுத்தவரை உலகத்தில் மனிதர்கள் இரண்டே வகை. வேலையில் இருக்கிறவன், வேலையில் இல்லாதவன். முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு ஒருவன் தானே விரும்பி நடந்து வருவான், அதுவும் தன் வீட்டிலேயே வருவான் என்பதை அவரால் ஜீரணிக்கவே முடியவில்லை. அதனால் எஸ்தர் அக்காவுக்கு மாப்பிள்ளை தேடும்போது ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். பையனுக்கு நிலையான வேலை இருக்க வேண்டும். அந்த ஒன்றுக்காக நல்ல நல்ல சம்பந்தங்களைத் தட்டிக்கழித்து, கடைசியில் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து சாமுவேல் அத்தானைப் பிடித்தார். "ஒரே கம்பெனி, ஏழு வருசம்" என்று பத்திரிகை வைத்த வீட்டிலெல்லாம் சொன்னார். சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்ப்பார். நான் வெற்றிலைத் தட்டைப் பார்ப்பேன்.

அந்தச் சமயத்தில்தான் கம்ப்ரஸர் என்கிற என் புது ப்ளக்-இன் தயாராகி இருந்தது. கத்துகிற குரலை அமுக்கும், முணுமுணுக்கிற குரலைத் தூக்கும், இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தும். ஊரையே கூட்டுகிற அப்பா குரலும், தனக்குள்ளேயே பேசிக்கொள்கிற அம்மா குரலும் அதில் ஒரே அளவாகக் கேட்கும். கல்யாணத்தன்று சர்ச்சில் இதை ஓட்டிக் காட்டினால் அப்பாவுக்கு என் அருமை தெரிந்துவிடும் என்று முடிவு செய்தேன். (அருமை தெரிந்தது. அதைச் சொல்லத்தான் வருகிறேன்.)

சவுண்ட் செட் போட வந்தவர் மாரியப்பன் அண்ணாச்சி. நான் லேப்டாப்பைக் கொண்டுபோய் அவர் மிக்ஸரோடு இணைப்பதைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"தம்பி, பேசும்போது மைக்கத் தொறக்கணும், பேசாதப்ப அடைக்கணும். இவ்வளவுதான் வேல. இதுக்கு எதுக்கு கம்ப்யூட்டரு?"

"இனிமே அடைக்கவே வேண்டாம் அண்ணாச்சி. எல்லாத்தையும் அதுவே பாத்துக்கிடும். நீங்க போயி டிபன் சாப்பிடுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எதிர்த்தாற்போல் இருந்த ஓட்டலுக்குப் போனார். அன்றைக்கு அந்த மிக்ஸர் மேஜையில் புத்தியுள்ள ஆள் என்று ஒருத்தர் இருந்தார் என்றால் அது அவர்தான். அவரையும் அனுப்பிவிட்டேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கம்ப்ரஸரை நான் சோதித்துப் பார்த்ததெல்லாம் பாட்டை வைத்துத்தான். மத்தளமும் கிடாரும் விடாமல் முழங்குகிற பாட்டில் மௌனம் எங்கே இருக்கிறது? யாருமே பேசாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று நான் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் அது தனக்குத் தெரிந்ததைச் செய்யும். சத்தம் குறையக் குறைய, தூக்கிக்கொண்டே போகும்.

ஆராதனை அமர்க்களமாகத் தொடங்கியது. ஐயர் (எங்கள் சபையில் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்) வாசித்ததெல்லாம் வெளியே பந்தலில் இருந்தவர்களுக்குக்கூடத் தெளிவாகக் கேட்டது. காது மந்தமான என் பெரியப்பா கடைசி பெஞ்சிலிருந்து திரும்பி, கேட்கிறது என்று கையைக் காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் கல்யாணத்தில் ஒரு கட்டம் உண்டு. உறுதிமொழி சொல்வதற்கு முன்னால் ஐயர் சபையாரைப் பார்த்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் உண்டா என்று கேட்பார். பிறகு மணமக்களையே பார்த்து, உங்களுக்குள் ஏதாவது தடை இருந்தால் கடவுளுக்குப் பயந்து இப்போதே ஒத்துக்கொள்ளுங்கள் என்பார். அப்புறம் கொஞ்ச நேரம் மௌனம். நான் பார்த்த கல்யாணங்களில் அந்த மௌனத்தில் யாரும் வாயைத் திறந்ததே கிடையாது. கொட்டாவி விடுவதற்குத்தான் எல்லாரும் வாயைத் திறப்பார்கள்.

ஐயர் கேட்டார். மௌனம் வந்தது. உறுதிமொழிக்காக அக்காவுக்கும் அத்தானுக்கும் நடுவில் நிறுத்திவைத்திருந்த மைக்கை நான் முன்னாடியே திறந்து வைத்திருந்தேன். என் கம்ப்ரஸர் தூக்க ஆரம்பித்தது.

முதலில் மின்விசிறிகளின் சத்தம் ஸ்பீக்கரில் வந்தது. பிறகு அக்கா பட்டுச்சேலை உரசுகிற சத்தம். பிறகு குடுகுடுவென்று ஒரு வயிறு. (மைக் பக்கத்தில் பட்டினியாக நின்றது ஐயர் மட்டும்தான்.) முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அப்புறம், ஒரு ஆண்குரல், காதோரம் சொல்கிற ரகசியமாக, ஆனால் சர்ச் முழுக்க நிறைந்து வந்தது.

"எஸ்தரு, நான் வேலைய விட்டுட்டேன்."

அந்த நொடியில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? வயரைப் பிடுங்கியிருக்க வேண்டும். லேப்டாப்பைத் தூக்கிப் போட்டு உடைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? ரசித்தேன். ரகசியக் குரலில் 'ஸ' சத்தம் தெறிக்காமல் எவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறது என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் என்ன என்பது அதற்கப்புறம்தான் மண்டையில் ஏறியது.

"எப்ப?" இது அக்காவின் ரகசியக் குரல். ஸ்பீக்கர்கள் ஜனங்களைப் பார்த்து இருந்தன. இருந்த படபடப்பில் தாங்கள் ஊருக்கே பேசிக்கொண்டிருப்பது அவர்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவே இல்லை.

"போன மாசம்."

"அத இங்கன வந்தா சொல்லுதிய?"

"இப்பச் சொல்லுங்கன்னு ஐயர் கேட்டாருல்லா."

நான் பாய்ந்து போய் சத்தத்தைக் குறைக்கிற பட்டனைப் பிடித்தேன். ஸ்க்ரீனில் வெள்ளிப் பூண் போட்டு, நிழல் விழுகிற மாதிரி நான் வரைந்த பட்டன். வேர்த்த விரலுக்கு அது அகப்படவே இல்லை. அகப்பட்டபோது எதிர்ப்பக்கம் திரும்பியது. கூவென்று ஒரு அலறல் எழுந்து ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அரண்டுபோய் அதைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிட்டேன். அதற்கு மேல் எதையும் தொட எனக்குத் துணிச்சல் இல்லை.

அந்த அலறலில்தான் இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள். சர்ச்சே தங்களை வெறிப்பதைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கே அப்போதுதான் விஷயம் தெரியும். வெளியே ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து நாலைந்து பேர் வந்து ஜன்னலில் முகத்தை வைத்தார்கள்.

ஐயருக்கு ஒன்றும் ஓடவில்லை. தடை என்று யாராவது சொன்னால் நிறுத்தி விசாரிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். மாப்பிள்ளையே வந்து சொன்னால் என்ன செய்வது என்பது தெரியாது. புத்தகத்துக்குள் விரலை வைத்து மூடிக்கொண்டு, "இது தடைதானா?" என்று பொதுவாகக் கேட்டார்.

அப்பா எழுந்தார்.

"ஐயரே, நிறுத்துங்க."

முப்பது வருஷம் பஸ்ஸை நிறுத்திய குரல். மைக்கே தேவைப்படவில்லை. என்னால், என் ஒரு பெருமைக்காக, என் அக்கா கழுத்தில் மாலையோடு வீட்டுக்குத் திரும்பி நடக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"மாப்பிள்ள, ஏழு வருசம்னு சொன்னியளே."

"ஏழு வருசம் நெசந்தான் மாமா. அதுக்கு மேல முடியல. ராத்திரி தூக்கமே கெடையாது. வேற தேடிக்கிட்டுதான் இருக்கேன். சொல்லிரணும் சொல்லிரணும்னு ஒவ்வொரு நாளும் போன எடுப்பேன், வாய் வராது."

"வேலைய விட்டுட்டு வந்து நிக்கறதுக்கு வீட்டுல ஒருத்தன் போதாதா எனக்கு?" என்று அப்பா என்னைக் கையை நீட்டிக் காட்டினார். அத்தானைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை கண்ணும் என் பக்கம் திரும்பின. நான் லேப்டாப்புக்குப் பின்னால் குனிந்தேன். பதினைந்து இஞ்சு ஸ்க்ரீனுக்குப் பின்னால் எவ்வளவுதான் ஒளிய முடியும்?

அக்கா பூச்செண்டை இடது கைக்கு மாற்றினாள். கரிவலம்வந்தநல்லூரில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள் அவள். குரலை உயர்த்திப் பழக்கமே இல்லை. சாதாரணமாகத்தான் பேசினாள். ஆனால் கம்ப்ரஸர் உச்சத்தில் இருந்ததால் அவள் பேசியது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டதாக அப்புறம் சொன்னார்கள்.

"அப்பா, எனக்கு வேல இருக்கு."

யாரும் மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் ஸ்பீக்கரில் கேட்டிருக்கும்.

"மறைச்சது தப்புதான். அத நான் வீட்டுல வச்சுக் கேட்டுக்கிடுதேன். ஆனா ஒத்துக்கோங்கன்னு ஐயர் எல்லா மாப்பிள்ளையையும்தான் கேக்காரு. எவன் வாயத் தொறந்திருக்கான்? இவரு தொறந்தாருல்லா. எனக்கு ஒரு தடையும் இல்ல. ஐயரே, நீங்க வாசிங்க."

அப்பா நின்றுகொண்டே இருந்தார். அம்மா அவர் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்ததை நான் பார்த்தேன். "மக பேசிட்டா. உக்காருங்க" என்று அம்மா மெல்லச் சொன்னதும் ஸ்பீக்கரில் கணீரென்று வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அப்பாவைப் பார்த்து அம்மா இவ்வளவு சத்தமாகப் பேசியதே இல்லை. அப்பா உட்கார்ந்துவிட்டார்.

கல்யாணம் நடந்தது. மாரியப்பன் அண்ணாச்சி ஓட்டலிலிருந்து அவசரமாக வந்து தன் மைக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒரு வார்த்த விடாமக் கேட்டுச்சு தம்பி" என்றார். கல்யாணம் தை மாதம்; அப்பா என்னோடு பேச வைகாசி ஆகிவிட்டது. இப்போதெல்லாம் எங்கள் சபையில் எந்தக் கல்யாணமானாலும், தடை உண்டா என்று கேட்டதும் ஐயர் தன் கையாலேயே மைக்கை அணைத்துவிட்டு என்னைத் தேடிப் பார்க்கிறார்.

அத்தானுக்குத் தென்காசியில் வேறு வேலை கிடைத்தது. அக்கா அவரைத் திட்டுவதே இல்லை. சந்தேகம் வந்தால், "ஐயரக் கூட்டிட்டு வரவா?" என்று ஒரு வார்த்தைதான் கேட்பாள். அவர் ஒன்றுவிடாமல் கொட்டிவிடுவார். போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, விருந்தாளிக்கென்று வைத்திருந்த அல்வாப் பொட்டலம் காலியாகிக் கிடந்தது. அக்கா கேட்டாள். அல்வாவைத் தின்றது, பைக்கைச் சுவரில் உரசியது, அல்வாவில் பாதியை மாமாதான், அதாவது எங்கள் அப்பாதான், தின்றார் என்பது, எல்லாம் வந்துவிட்டது.

அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. இனிப்பு என்றாலே அம்மா கண்ணை உருட்டுவாள். அவர் விறுவிறுவென்று படியேறி என் அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஸ்க்ரீனை உற்றுப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏலே, மாப்பிள்ள பேசினா மட்டும் அமுக்குற மாதிரி ஒண்ணு செய்ய முடியுமாலே?"