எதுபெட்டர் மாமாவும் அத்தையின் கல்லீரலும்

இரண்டு பொருள்கள் பக்கத்தில் பக்கத்தில் சும்மா இருப்பதைப் பார்த்துக்கொண்டு தானும் சும்மா இருக்க முடியாத மனிதர் ஒருவர் எல்லாக் குடும்பங்களிலும் உண்டு. எங்கள் குடும்பத்தில் அவருக்கு எதுபெட்டர் மாமா என்று பெயர். உங்கள் குடும்பத்தில் என்ன பெயரோ எனக்குத் தெரியாது. ஆள் அவரேதான்.

குடை வாங்கப் போவார். கறுப்பா நீலமா என்று கடைக்காரரிடம் கேட்டு, கடைக்கு வந்த இன்னொருவரிடம் கேட்டு, முன்பு கறுப்பு வாங்கிய நண்பருக்கும் நீலம் வாங்கிய நண்பருக்கும் போன் போட்டு, இருவரும் சொன்னதை மூன்றாவது நண்பரிடம் ஒப்பித்து, கடைசியில் தொப்பலாக நனைந்தபடி வீட்டுக்கு வருவார். "அவசரப்பட்டு வாங்கிறக் கூடாது பாரு" என்பார். முடிவெடுப்பது அவருக்குப் பிடிக்காது. முடிவின் வாசல் வரை போய்விட்டுத் திரும்புவதுதான் பிடிக்கும்.

இவருடைய மனைவிக்கு, அதாவது என் அத்தைக்கு, கல்லீரலின் இடது ஓரத்தில் ஒரு கட்டி வந்தது. எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார் டாக்டரம்மா. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"பெரிசா கிழிக்க வேண்டாம். சின்னச் சின்ன ஓட்டை போட்டே எடுத்துரலாம். லேப்ராஸ்கோப்பியிலயும் செய்யலாம், ரோபோவுலயும் செய்யலாம்" என்று சேர்த்துச் சொல்லிவிட்டார்.

இரண்டு! மாமாவின் முகத்தில் விளக்கு எரிந்ததை நானே பார்த்தேன்.

அன்று முதல் அவர் பார்த்தவர்களை எல்லாம் கேட்டார். முடிதிருத்துபவர் ரோபோவின் பக்கம். லிஃப்ட்டில் கூட வந்த யாரோ ஒருவர் லேப்ராஸ்கோப்பியின் பக்கம். நாலாவது மாடியில் இறங்கிவிட்டதால் காரணம் தெரியவில்லை. "ரோபோ பாதி வேலையில இருக்கும்போது கரண்ட் போயிருச்சுன்னா?" என்று ஒருநாள் கவலைப்பட்டார். "லேப்ராஸ்கோப்பின்னா மனுஷக் கை, தும்மல் வந்துருச்சுன்னா?" என்று மறுநாள் கவலைப்பட்டார்.

பிறகு என்னிடம் வந்தார். நான் படித்தது புவியியல். ஆனால் எங்கள் வீட்டின் முதல் பட்டம் என்பதால் அது கல்லீரலுக்கும் செல்லும். "நீதான் படிச்ச புள்ள. இங்கிலீஷ்ல என்ன போட்டிருக்கான்னு பார்த்துச் சொல்லு" என்றார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது, பெருமைதான் முந்திக்கொண்டது. போனில் கிடைத்த ஆய்வுகளைப் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் படித்தேன். எவ்வளவு இரத்தம் போகிறது, எத்தனை நாள் படுக்க வேண்டும், நடுவில் வயிற்றைத் திறக்கும்படி ஆகிறதா என்றெல்லாம் ஒப்பிட்டிருந்தார்கள்.

"பெரிய வித்தியாசம் எதுவும் இல்லையாம் மாமா."

"அப்போ சின்ன வித்தியாசம் இருக்கு!"

இப்படிப்பட்டவரை என்ன செய்வீர்கள்? சின்ன வித்தியாசத்தைத் தேடியதில், டாக்டரம்மா கொடுத்த முதல் தேதி கைநழுவிப் போனது. இனிமேல் தள்ளினால் கட்டி நமக்காகக் காத்திருக்காது, இன்று மதியத்துக்குள் பதில் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். டாக்டரின் அறைக்கு வெளியே, பச்சைச் சுவரை ஒட்டிய பெஞ்சில், நாங்கள் எல்லோரும் உட்கார்ந்தோம். அத்தையின் தம்பியான என் சித்தப்பாவும் வந்திருந்தார். அவருக்கு லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பையை எடுத்திருந்தார்கள்; அன்று முதல் சட்டையைத் தூக்கிக் காட்ட ஒரு சந்தர்ப்பம் தேடிக்கொண்டே இருப்பவர்.

"இங்க பாருங்க மாமா. தழும்பு தெரியுதா? தெரியாது. அதான் லேப்ராஸ்கோப்பி."

"சட்டையை இறக்கு மாப்ள, நர்ஸ் வருது. ரோபோவுக்குக் கை எந்தப் பக்கம் வேணா மடங்குமாம். உன் டாக்டர் கை மடங்குமா?"

"ரோபோ என்ன தானா வந்து பண்ணுதா? ஓரமா உக்காந்து டாக்டர்தானே ஆட்டி வைக்கிறாங்க?"

"அதைத்தான் நானும் சொல்றேன். உக்காந்து செய்யறது பெட்டரா, நின்னு செய்யறது பெட்டரா?"

இந்தக் கேள்விக்கு நான் போனில் பதில் தேடிக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் பார்த்தோம், பெஞ்சில் அத்தை இல்லை, அவர் மகளும் இல்லை.

அறைக் கதவு திறந்தது. அத்தை வெளியே வந்தார்.

"வியாழக்கிழமை காலையில வரச் சொல்லியிருக்காங்க. கெளம்புங்க, போலாம்."

மாமா எழுந்தே விட்டார். "எதுல?"

"ஆஸ்பத்திரியிலதான்."

"ஏய், எந்த முறையிலன்னு கேக்கறேன்!"

"இந்த மாதிரிக் கட்டியை, இந்த மாதிரி இடத்துல, நீங்க எதுல நெறைய எடுத்திருக்கீங்கன்னு கேட்டேன். சொன்னாங்க. அதுலயே எடுத்துருங்கன்னேன்."

"அதான், எதுல?"

"அவங்களுக்குக் கை பழகினதுல."

அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. கூடவே உள்ளே போயிருந்த மகளைத் தனியாகப் பிடித்து விசாரித்தார் மாமா. அவள் "அம்மாவையே கேளுங்கப்பா" என்று சொல்லிவிட்டாள். அம்மாவுக்கு ஏற்ற மகள்.

வியாழக்கிழமை அத்தையை உள்ளே கொண்டுபோனார்கள். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. மாமா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேன்டீனிலிருந்து தட்டோடு வந்தவர், "சார், டீயா காபியா?" என்று கேட்டார். நானும் சித்தப்பாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். இந்த மாதிரிக் கேள்விக்காகவே பிறந்தவர் மாமா.

"ஏதோ ஒண்ணு குடுப்பா" என்றார் மாமா.

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். வாங்கிய கோப்பை மாமாவின் கையிலேயே ஆறிப்போனது. அதில் இருந்தது டீயா காபியா என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

கட்டி முழுசாக வந்துவிட்டது, நன்றாக இருக்கிறார் என்று டாக்டரம்மா வந்து சொன்னார். மாமா இரண்டு கையையும் கூப்பினார். பேச்சு வரவில்லை. வந்தபோது, "ஜன்னலோரக் கட்டில் பெட்டரா, கதவோரம் பெட்டரா டாக்டர்?" என்று வந்தது. எங்களுக்கு உயிர் வந்தது.

அத்தை வீடு திரும்பிய பிறகு, வயிற்றில் ஒட்டியிருந்த சின்னச் சின்னப் பிளாஸ்திரிகளை வைத்து விசாரணை தொடர்ந்தது. "வரிசையா இருக்கு பாரு, ரோபோதான்" என்றார் மாமா. "என்னோடது மாதிரியேதான் இருக்கு" என்று சட்டையைத் தூக்கினார் சித்தப்பா. அத்தையையே கேட்டால், "நான் தூங்கிட்டுல்ல இருந்தேன், யாரைக் கண்டேன்?" என்று சேலையை இழுத்து மூடிக்கொண்டு திரும்பிப் படுத்தார்.

இவர்களைப் பார்த்து நீங்கள் சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள். கட்டி போய்விட்டது, அத்தை எழுந்து நடக்கிறார், மாமாவைத் திட்டும் அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது. இதைவிட வேறென்ன தெரிய வேண்டும்? ஆனாலும் இந்த வரிக்கு வந்த பிறகும், "அதெல்லாம் சரி, கடைசியில் எந்த முறை?" என்று உங்களுக்குள் ஒரு குரல் முணுமுணுக்கிறதா?

அப்படியென்றால் வாருங்கள். பச்சைச் சுவரை ஒட்டிய எங்கள் பெஞ்சில் இடம் இருக்கிறது. இந்த ஓரத்தில் உட்காருவது பெட்டரா, அந்த ஓரத்தில் பெட்டரா என்று மாமா விசாரித்துச் சொல்வார். நான் நடுவில் இருப்பேன், போனில் தேடிக்கொண்டு.